எச்சில் சோப்பு

போன மாதம் மைசூர் சரஸ்வதிபுரத்தில் பெண்களுக்கான சோப்பு வகுப்பு ஒன்றில் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைமேல் அந்தப் பெண்கள் செய்த கட்டிகள் வரிசையாக இருந்தன. ஓரமெல்லாம் கோணல். ஒன்று தடிமன், ஒன்று நோஞ்சான். எங்கள் காலத்தில் கட்டி இப்படி வந்தால் மானேஜர் கண்ணில் படுவதற்குள் எடுத்து ஒளித்துவிடுவோம். இப்போது அதற்குத்தான் மவுசாம். கையால் செய்தது என்பதற்கு அந்தக் கோணல்தான் அத்தாட்சி என்றார்கள். அப்படியானால் நான் முதல் வருஷம் வெட்டியதெல்லாம் உலகத்தரம்.

பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள். "ஆன்ட்டி, அந்தக் காலத்துல பி.எச். எப்படி செக் பண்ணுவீங்க? பேப்பர் ஸ்ட்ரிப் கிடைக்குமா?"

"நாக்காலதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நாக்கு என் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்ததும் பிறகு தானே அதைத் துடைத்துக் கொடுத்ததும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வகுப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த புதிதில் என் வீட்டுக்காரர் அரண்மனைக் குதிரை லாயத்தில் குமாஸ்தா. குதிரைகள் தின்னும் கொள்ளுக்குக் கணக்கு எழுதுவது அவர் வேலை. சமஸ்தானம் போயிற்று. மகாராஜா, கவர்னர் மாதிரி, ராஜப்பிரமுகர் ஆனார். லாயத்தில் குதிரைகள் குறைந்து, வேலை போய், என் வீட்டுக்காரர் வெறும் பிரமுகர் ஆனார். பிரமுகர்கள் செய்வதை அவரும் செய்தார். அதாவது காலையில் பேப்பர் படித்தார், மாலையில் அதைப் பற்றிப் பேசினார்.

மேல்கோட்டையில் என் அண்ணாவுக்குப் பெரிய குடும்பம். "எல்லாரும் இங்கேயே வந்துடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். அண்ணாவின் மனசு தங்கம்தான். ஆனால் அந்த வீட்டு அடுக்களை மன்னியுடையது. நான் வரப்போகிறேன் என்று கேள்விப்பட்டதுமே மன்னி ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்துவிட்டாள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மாவாட்டுவதில் விரோதம் ஒன்றும் இல்லை. இன்னொருத்தி கண் பார்வையில், இன்னொருத்தி வீட்டில், ஆயுசு முழுக்க ஆட்டுவதில்தான்.

அந்தச் சமயத்தில்தான் சம்பத்தையங்கார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட உறவு. மண்டி மொஹல்லாவில் ஓர் எண்ணெய் மண்டிக்காரர் தன் கிடங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சோப்புத் தொழிற்சாலை தொடங்கி, இவரை மானேஜராகப் போட்டிருந்தார். வீடு வீடாகப் போய்ச் சோப்பையும் வாசனை எண்ணெய்களையும் எப்படிப் புழங்குவது என்று செய்து காட்ட ஒரு பெண் வேண்டும். ஆண்பிள்ளை போனால் வாசலோடு சரி, கொல்லைக் கிணற்றடி வரை போக முடியாது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "போயிட்டு வரட்டுமே" என்றார். அவர் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று.

பயிற்சி என்று பிரமாதமாக எதுவும் இல்லை. சில மாதம் கிடங்கிலேயே நின்று, வெட்டி, அடுக்கி, கையைப் புண்ணாக்கிக்கொண்டு கற்றுக்கொண்டேன். சொல்ல வேண்டியது சம்பத்தையங்காரைப் பற்றித்தான்.

காலேஜில் ரசாயனம் படித்தவர். ஆனால் நெற்றியில் திருமண் இல்லாமல் கிடங்குக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் காரநீர் செய்வோம். அது சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அதில் ஒரு முட்டையை மிதக்க விட வேண்டும் என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது. முட்டையா, இவர் கிடங்கிலா? உருளைக்கிழங்கை மிதக்க விட்டார். காலணா அகலத்துக்குக் கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் பதம் சரி. முழுகினால் காரம் போதாது. துள்ளிக்கொண்டு நின்றால் அதிகம். கிழங்கு சரியாக மிதக்கும் நாளில் அவர் அதைப் பார்க்கிற மாதிரி தான் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தக் காரநீரைத் தேங்காயெண்ணெயும் புங்கெண்ணெயும் கலந்த அண்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டி, தோசைமாவுப் பதம் வந்ததும் வாசனை எண்ணெய் சேர்த்து, மரப்பெட்டியில் ஊற்றி இறுக விட்டு, கம்பியால் அறுத்து, பலகையில் வாரக்கணக்கில் காய வைப்போம். இட்லிக்குப் போலவே சோப்புக்கும் ஈடு என்றுதான் சொல்லுவோம். ஒவ்வோர் ஈடு காய்ந்ததும் சம்பத்தையங்கார் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். ஒரு கட்டியின் மூலையில் சீவல் அளவுக்குச் சீவி, நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுரீரென்று பிடித்தால் காரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒன்றும் தெரியாமல் சப்பென்று இருந்தால் உடம்பில் போடலாம். "சப்பை" என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

அதற்கும் காலேஜ் வழி ஒன்று இருந்தது. ஒரு சொட்டு மருந்து விட்டால், காரம் இருக்கும் சோப்பு ரோஜா நிறம் காட்டும். ஏன் அதை வாங்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அதை எதுல கரைச்சிருக்கா தெரியுமோ? ஸ்பிரிட்டுல. சாராயம் பட்ட சோப்பை நான் அக்ரஹாரத்துக்கு அனுப்பவா?" என்றார்.

வாசனை எண்ணெய் விஷயத்தில் அவர் இன்னும் கறார். "வேதம்மா, சொட்டுன்னா சொட்டு. ஊத்தறதுக்கு இது சாத்தமுது இல்லை." ரசத்துக்கு எங்களில் அப்படித்தான் பெயர். போகிற வீட்டிலெல்லாம் முதலில் ஒரு பாத்திரம் வெந்நீர் கேட்பேன். அதில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டு, ஜலதோஷக்காரர் யாராவது இருந்தால் முகத்தைக் காட்டச் சொல்வேன். மைசூரில் ஜலதோஷம் இல்லாத வீடு ஏது? வெட்டிவேர் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பட்டுப்புடவைப் பெட்டியின் மூலையில் வைத்துக் காட்டுவேன். தரை துடைக்கிற தண்ணீரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் சில சொட்டு விட்டால் ஈ அண்டாது. சோப்பைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் வைக்காதீர்கள், ஊறிக் கஞ்சியாகிவிடும், பலகைத் துண்டின்மேல் வையுங்கள் என்று சொல்வேன். இத்தனையும் சொல்லி முடித்தால் வீட்டுக்காரி, "சரி, எங்க சீயக்காய்க்கு என்ன குறைச்சல்?" என்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அக்ரஹாரத்தில் சிங்கம்மாள் என்று ஒரு மாமி இருந்தாள். பெரிய வீடு, பிள்ளைகள், மருமகள்கள், கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண். மடி ஆசாரத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் சாஸ்திரிகளைக் கேட்பதற்கு முன்னால் சிங்கம்மாளைக் கேட்பார்கள். சாஸ்திரிகளே கேட்பதாகவும் பேச்சு. அவள் வீட்டில் சோப்பு நுழைந்தால் அந்தத் தெரு முழுக்க நுழையும். முதலாளியும் அதைத்தான் சொன்னார். சங்கராந்திக்குள் அக்ரஹாரம் வாங்கவில்லை என்றால், வீட்டுக்கு வீடு போகும் ஆள் தேவையில்லை. ஆள் என்றால் நான்தான். மேல்கோட்டை ஆட்டுக்கல் என் கண்முன் வந்து நின்றது.

தசரா கழிந்ததும் சிங்கம்மாள் வீட்டுக் கிணற்றடிக்குப் போனேன். மாமி எட்ட நின்றே பார்த்தாள்.

"இதுல மாட்டுக் கொழுப்பு இல்லேன்னு யார் சொல்றா?"

"தேங்காயெண்ணெய், புங்கெண்ணெய், காரம். அவ்வளவுதான் மாமி."

"உனக்குச் சம்பளம் தர்றா, நீ சொல்றே. அல்வா?"

கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று அர்த்தம். எங்கள் மைசூர்த் தமிழில் பாதிப் பேச்சு அதில்தான் முடியும். மாமியின் சின்ன மருமகள் ஜயா கும்பகோணத்துப் பெண். வந்த புதிதில் மாமியார் வாய்க்கு வாய் அல்வா அல்வா என்கிறாளே, ஒருநாளாவது கண்ணில் காட்டமாட்டாளா என்று பல நாள் காத்திருந்தாளாம். இதை ஜயாவே என்னிடம் சொன்னாள். இந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி கேட்டதற்கு என்னிடம் துருப்புச்சீட்டு ஒன்று இருந்தது. பெருமையாகவே இறக்கினேன்.

"எங்க மானேஜர் வைதீகமான ஐயங்கார் மாமி. கொழுப்புன்னா அந்தக் கிடங்குக்குள்ளயே நுழைய மாட்டார். ஒவ்வோர் ஈட்டையும் தானே நாக்குல வெச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியில விடறார்."

நீர் இறைத்துக்கொண்டிருந்த ஜயா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"நாக்குல?" என்றாள் மாமி.

"ஆமாம் மாமி, நாக்குல" என்றேன், சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து.

"அப்போ இது எச்சில்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது கட்டிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சீவின துண்டை அவர் திரும்ப வைக்கவில்லை, அந்தக் கட்டி விற்பனைக்கே வராது என்று எடுத்துச் சொன்னேன்.

"ஒரே பானையில வடிச்ச சாதத்துல ஒரு பருக்கையை ஒருத்தர் வாயில போட்டுண்டா, மிச்சத்தைப் பெருமாளுக்குக் காட்டுவியா?"

"தேய்ச்சுக் குளிக்கிறதுதானே மாமி, தண்ணி விட்டா எல்லாம் போயிடுமே."

"எச்சிலை எச்சிலால கழுவறதா? சும்னே பேசாதே." சும்னே என்றால் கன்னடத்துச் சும்மா.

நான் வாசலைத் தாண்டும்போது பேச்சு எனக்கு முன்னால் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அடுத்த நாளே 'எச்சில் சோப்பு' என்று பெயர் ஆயிற்று. ஏற்கெனவே வாங்கியவர்கள் கட்டிகளை இலை நறுக்கில் வைத்து, விரல் படாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சோப்பு இருந்த பலகையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது அவர்கள் பலகை. முதலாளி சம்பத்தையங்காரைக் கூப்பிட்டு, இனி நாக்கில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சம்பத்தையங்கார் நிறுத்திவிட்டார். கட்டிகள் காய்ந்ததும் பழக்கத்தில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். பிறகு எதற்காகக் கொப்பளித்தோம் என்று ஞாபகம் வந்து திரும்பிப் போவார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதைவிட என் நிலைமை கஷ்டமாக இருந்தது. சங்கராந்திக்கு அதிக நாள் இல்லை.

எண்ணெய் மட்டும் தப்பித்தது. ஒருநாள் சிங்கம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். பெண்ணைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கொல்லையில் மாட்டுக் கொட்டில் இருப்பதால் வீடு முழுக்க ஈ.

"அந்த மனுஷன் எண்ணெயையும் நக்கிப் பார்ப்பாரோ?"

"இல்லை மாமி. மோந்துதான் பார்ப்பார்."

மாமி கொஞ்சம் யோசித்தாள். "பெருமாளுக்குச் சாத்தற பூவைத்தான் மோந்து பார்க்கப்படாது. தரைக்கு என்ன? வெச்சுட்டுப் போ. அன்னிக்குக் காலம்பர நீயே வந்து துடைச்சும் குடுத்துடு."

எலுமிச்சைப்புல்லுக்குக் கன்னடத்தில் 'மஜ்ஜிகெ ஹுல்லு' என்று பெயர். மஜ்ஜிகெ என்றால் மோர், ஹுல்லு என்றால் புல். அந்தப் புல்லைக் கிள்ளி மோரில் போட்டால் வாசனையாக இருக்கும் என்பதால் அப்படி ஒரு பெயர். எங்கள் சீசாக்களில் கன்னடத்தில்தான் சீட்டு ஒட்டியிருக்கும். தரைக்கு என்று மாமியிடம் சொல்லித்தான் கொடுத்தேன். ஜயா அப்போது வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள்.

பெண் பார்க்கும் நாள் காலையில், ஜயா குளிக்கப் போயிருந்த நேரத்தில், போய்த் தரையெல்லாம் துடைத்தேன். ஈ ஒன்றுகூட இல்லை. சீசாவை அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கைகால் அலம்பப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து, சேவித்து, பெண்ணைப் பார்த்து, இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கடைசியில் மோர். பரிமாறியது ஜயா.

மாப்பிள்ளையின் அப்பா கனமான மனுஷர், ஓய்வு பெற்ற அமல்தார், அதாவது தாசில்தார். டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்ததும் அசையாமல் உட்கார்ந்தார். வரிசையாக மற்றவர்களும் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார்கள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிடங்கு வாசனை கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அமல்தார் மெதுவாக வாயைத் திறந்தார். "உள்ளே ஸ்நானம் ஆனாப்ல இருக்கு."

சிங்கம்மாள் அடுக்களைக்குள் வந்தாள். ஒரு டம்ளர் மோரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"ஜயா, மோர்ல என்ன விட்டே?"

ஜயா சீசாவை எடுத்துக் காட்டினாள். "இதாம்மா. மஜ்ஜிகென்னு போட்டிருக்கு. மஜ்ஜிகென்னா மோர்தானே, அது நேக்குத் தெரியும். ஹுல்லுன்னா ஏதோ வாசனைச் சாமான்னு நெனைச்சேன். ஒரு மூடிதான் விட்டேன்."

பாவம், கன்னட எழுத்தை ராப்பகலாக உட்கார்ந்து படித்த பெண். சரியாகத்தான் படித்திருந்தாள்.

"விட்டதும் ருசி பார்க்கப்படாதோ?"

"பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி யாராவது ருசி பார்ப்பாளாம்மா? நீங்கதானே சொல்லிக் குடுத்தேள்?" என்றாள் ஜயா. கொஞ்சம் நின்று, "பெருமாளுக்குக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

எல்லாம் மாமியின் சட்டம்தான். அந்த வீட்டில் பெருமாளுக்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்க மாட்டார்கள். வைத்திருந்தால் மோர் கூடத்துக்கு வந்திருக்காது. நான் தூணோடு தூணாக நின்றேன். சீசா எங்களுடையது, சீட்டு எங்களுடையது. சங்கராந்தி வரைகூட இல்லை, இன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஆனால் அமல்தார் நல்ல மனுஷர். போகும்போது வாசலில் ஓர் ஏப்பம் விட்டார். அதுவும் எலுமிச்சை மணந்தது. "பெண் பிடிச்சிருக்கு. கல்யாணத்துல மட்டும் சாதா மோர் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

இரண்டு நாள் கழித்து சிங்கம்மாள் ஆள் அனுப்பினாள். அதே கிணற்றடிக்குப் போனேன். தை மாதம் கல்யாணம் என்றாள். வருகிற பெண்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க சோப்பை அந்த மனுஷன் இப்பவும் நாக்குல வெச்சுப் பார்க்கிறாரா?"

ஆமாம் என்றால் பொய், அதோடு எச்சில். இல்லை என்றால் நிஜம், ஆனால் மாமியின் குரலில் ஏதோ ஒன்று இருந்தது.

"இப்போ... இல்லை மாமி. நிறுத்தச் சொல்லிட்டா."

"யார் நிறுத்தச் சொன்னது?" மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "யாரும் ருசி பார்க்காம வர்றது என்ன கதி ஆறதுன்னு பார்த்தோமே, அல்வா? பார்த்துட்டே அனுப்பச் சொல்லு. பார்க்காததை என் ஆத்துக்குக் கொண்டுவராதே."

"எச்சில்..." என்றேன், நம்ப முடியாமல்.

"நான் என்ன பெருமாளுக்கா சாத்தப்போறேன்? முதுகுல தேய்ச்சுக்கப் போறேன். போ."

மண்டி மொஹல்லா வரை நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. சம்பத்தையங்காரிடம் சொன்னதும் அவர் எழுந்தார். போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். ஒரு கட்டியின் மூலையைச் சீவி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"சப்பை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்ரஹாரத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஓய்வு பெறும் வரை அந்தத் தெருவில் யாரும் எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "அந்த எச்சில் சோப்புல ரெண்டு குடு" என்றுதான் கேட்பார்கள். சீசாக்களில் மட்டும் புதுச் சீட்டு ஒட்டினோம். கன்னடத்துக்குக் கீழே தமிழிலும் 'தரைக்கு' என்று எழுதியது. அந்தத் தமிழை எழுதிக் கொடுத்தவள் ஜயா.

அந்தச் சங்கராந்திக்கு மேல்கோட்டைக்குப் போனேன். போக வேண்டியிருந்ததால் இல்லை, பண்டிகைக்கு. மன்னி வாசலிலேயே என் பையைப் பார்த்தாள். பேச்சு அவ்வளவு தூரம் வந்திருந்தது.

"இதானா அந்த எச்சில் சோப்பு?"

"ஆமாம் மன்னி."

"நிஜமாவே நாக்குல வெச்சுப் பார்த்ததா?"

"நிஜமாவே."

"அப்போ எனக்கு ஒண்ணு குடு" என்றாள்.

கொடுத்தேன். வெந்நீர் போட்டு, பலகைமேல் வைத்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மன்னி சாவகாசமாகக் குளித்துவிட்டு, கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் தோசைக்கு மாவு ஆட்ட வேண்டியிருந்தது. ஆட்டுக்கல் கழுவித்தான் இருந்தது. நான் உட்காரப் போனேன். "நீ இரு, வேலை பார்க்கிற கை" என்று சொல்லி மன்னியே உட்கார்ந்து ஆட்டினாள்.